பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவே: டென்னிஸில் பதறாமல் ஆட, தானாக யோசிக்க

ஜூனியர் டோர்னமென்ட் எதற்காவது போனால் ஒன்று செய்து பாருங்கள். பந்தை விட்டுவிடுங்கள். பாயிண்ட் முடிந்த அடுத்த நொடி, ஆடுகிற பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். நிறையப் பேருடைய கண் நேராக ஃபென்ஸுக்கு வெளியே போகும். அங்கே அப்பா நிற்பார், இல்லையென்றால் கோச் நிற்பார். எதிராளி தொட முடியாத வின்னர் அடித்தாலும் அங்கேதான் பார்வை, நெட்டில் போட்டாலும் அங்கேதான். "இப்ப என்ன பண்ணட்டும்?" என்று கேட்கிற பார்வை அது.

ஸ்கோர் 4-4, 30-40 என்று இழுபறியாக வரும்போது முதலில் ஆட்டம் காண்பது இந்தப் பிள்ளைகள்தான். "பையனுக்கு மெண்டல் ஸ்ட்ரெங்த் பத்தல சார்" என்று வீட்டில் சொல்வார்கள், யோகா வகுப்பில் சேர்ப்பார்கள். சேர்க்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால், பதற்றமும் சொந்தமாக முடிவெடுக்கப் பழகாததும் ஒரே வியாதி. அடுத்த பந்தை எங்கே போடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டவனின் தலையில் பயத்துக்கு இடம் குறைவு. முடிவெடுக்கத் தெரியாதவனுக்கோ பாயிண்டுக்கு நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க "இதையும் விட்டுட்டா?" என்ற நினைப்புதான். அதனால் கீழே எங்கேயும் "மனதை அமைதியாக வைத்துக்கொள்" என்று சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னதைக் கேட்டு அமைதியான ஆட்டக்காரரை நான் பார்த்ததும் இல்லை. கோச்சுகள், பெற்றோர், கொஞ்சம் வளர்ந்த ஜூனியர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி

டென்னிஸ் ரொம்ப காலமாகத் தனி ஆளாக நின்று யோசிக்க வேண்டிய ஆட்டமாகவே இருந்தது. டேவிஸ் கோப்பை போன்ற அணிப் போட்டிகளில் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், மற்றபடி பெரும்பாலான போட்டிகளில் மேட்ச் நடக்கும்போது கோச் வாய் திறக்கக் கூடாது, கையும் காட்டக் கூடாது. 2018 அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் செரீனா வில்லியம்ஸுக்கு முதல் எச்சரிக்கை விழுந்ததே அவருடைய கோச் பாட்ரிக் மூரட்டோக்ளூ கேலரியிலிருந்து சைகை செய்ததற்காகத்தான். அப்புறம் ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு பாயிண்ட் போனது, அம்பயரோடு நடந்த வாக்குவாதத்தில் ஒரு கேமே போனது. எதிர்ப்பக்கம் 20 வயது நவோமி ஒசாகா, அரங்கமே கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, தன் வேலையைப் பார்த்து 6-2, 6-4 என்று முடித்துவிட்டார்.

பிறகு விதி தளர்ந்தது. ஆண்கள் டூரில் 2022-ல் சோதனையாக அனுமதித்தார்கள், 2025 ஜனவரி முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளிலேயே கோர்ட்டுக்கு வெளியிலிருந்து கோச்சிங் தர வழி வந்துவிட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட போட்டியில் அனுமதிப்பதும் மறுப்பதும் அதை நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. அதனால் காலையில் போனவுடனே ரெஃப்ரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து அகாடமி கோச் சொன்னதை நம்பி கத்தாதீர்கள். அனுமதி இருந்தாலும் கிடைக்கப் போவது பாயிண்டுக்கு நடுவே நாலு வார்த்தைதான். யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்த நாலு வார்த்தை உதவும், பழகாத பிள்ளைக்கு அது இன்னொரு சத்தம்.

25 விநாடியில் என்ன செய்வது

ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்த சர்வ் போட 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120. ஒரு மேட்ச்சில் 120 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், பாயிண்டுக்கு நடுவில் மட்டும் 50 நிமிஷம் வரை வருகிறது. பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவான நேரத்துக்குத்தான் வருஷக்கணக்கில் கூடை கூடையாகப் பந்து போட்டுப் பயிற்சி தருகிறோம், மீதி நேரத்துக்கு ஒன்றுமே சொல்லித் தருவதில்லை. ஜிம் லேயர் என்ற அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் முன்னணி ஆட்டக்காரர்களின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டதும் இதுதான்: பந்து ஓடும்போது அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பந்து நின்ற பிறகு அவர்கள் நடந்துகொள்வதில்தான் வித்தியாசம் இருந்தது.

சரி, செய்ய வேண்டியது என்ன? பாயிண்ட் முடிந்ததும் நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். ராக்கெட்டை அடிக்கும் கையிலிருந்து மற்ற கைக்கு மாற்ற வேண்டும். இது அலங்காரத்துக்குச் செய்வதில்லை. பதற்றம் முதலில் தெரிவது கிரிப்பில்தான், கையை மாற்றினால் முன்கைத் தசை அந்தச் சில நொடி தளர்ந்துவிடும். கண் ராக்கெட் நரம்பிலோ, பின்பக்க ஃபென்ஸிலோ, தரையிலோ ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அப்பா முகத்தில் இருக்கக் கூடாது, பக்கத்து கோர்ட்டிலும் இருக்கக் கூடாது. மரியா ஷரபோவா ஒவ்வொரு பாயிண்டுக்கும் பின்னால் போய் நின்று நரம்பைப் பார்த்துவிட்டு வருவாரே, அதேதான். நடால் மூக்கைத் தொட்டுக் காதைத் தொட்டு சர்வ் போடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, ஆனால் முதல் ரவுண்டானாலும் இறுதி ஆட்டமானாலும் அந்த வரிசை மாறாது. எந்த ஸ்கோரிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் அதில் விஷயம்.

அடுத்தது மூச்சு. நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, அப்படி ஒன்றோ இரண்டோ போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பு தணிவது அப்போதுதான். பந்து பலமுறை போய்வந்த நீளமான ராலிக்குப் பிறகு உடனே இது வராது, துண்டை எடுத்து முகம் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். பேஸ்லைனுக்குத் திரும்பி வருவதற்குள் மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சர்வ் என்றால் எங்கே போடுகிறேன், திரும்பி வரும் முதல் பந்தை என்ன செய்வேன். ரிட்டர்ன் என்றால் எங்கே நிற்கிறேன், எங்கே திருப்பி அடிக்கிறேன். "பாடிக்கு சர்வ், அடுத்தது அவன் பேக்ஹேண்டுக்கு உயரமா." அவ்வளவுதான். "டபுள் ஃபால்ட் பண்ணக் கூடாது" (இரண்டு சர்வையும் தப்பாகப் போட்டு பாயிண்டை விடக் கூடாது) என்பது இந்தக் கணக்கில் சேராது, அது கைக்கு எந்த வேலையும் சொல்வதில்லை. வாக்கியத்தில் ஓர் இடமும் ஒரு செயலும் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அது வெறும் கவலை.

வாக்கியம் முடிந்துவிட்டால் பந்தைத் தட்ட ஆரம்பிக்கலாம். தட்டும்போது மறுபடி யோசிக்கக் கூடாது. அடிப்பதற்குப் பந்தை மேலே தூக்கிப் போடும் (டாஸ்) நேரத்தில் "இல்ல, டீ-க்கு (இரண்டு சர்வீஸ் கட்டங்களும் சேரும் நடுக்கோட்டுக்கு) போடலாமா" என்று தோன்றினால் பந்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள், விதி அதைத் தடுப்பதில்லை. பாதி மனதோடு அடித்த சர்வைவிட, தப்பான இடத்துக்கு முழு மனதோடு அடித்த சர்வ் பரவாயில்லை.

இதையெல்லாம் மேட்ச் அன்றைக்குக் காலையில் சொல்லிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. பயிற்சியில் ஆடும் செட்டிலேயே வர வேண்டும். கோச் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கட்டும். 25 விநாடிக்கு மேல் எடுத்தால் பாயிண்ட் போகும், திரும்பாமல் மூச்சு விடாமல் அவசரமாக சர்வ் போட்டாலும் பாயிண்ட் போகும். பிள்ளைகள் முதலில் கிண்டலடிப்பார்கள், அப்புறம் அதுவே பழகிவிடும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். திரும்பு, மூச்சு விடு, அது போதும்.

ஜெயிக்கப் போகும்போது கை கனப்பது

தோற்றுக்கொண்டிருக்கும்போது வரும் பதற்றத்தைவிட, 5-2 என்று முன்னால் இருக்கும்போது வரும் பதற்றம் கொடியது. 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நொவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 முன்னிலை, தன் சர்வில் 40-30. அந்த பாயிண்டை எடுத்தால் 5-1. டபுள் ஃபால்ட். அங்கிருந்து ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் 6-4 என்று செட்டையும் கோப்பையையும் விட்டார். 1998-ல் அதே கோர்ட்டில் ஜெயித்தும்விட்டார், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், நம் ஆட்கள் முதல் பாதியோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த நேரத்தில் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கிரிப் இறுகும், மணிக்கட்டு விறைக்கும், ராக்கெட் மெதுவாக வரும். செகண்ட் சர்வை "பத்திரமாக உள்ளே போடலாம்" என்று மெல்லத் தள்ளினால் ஸ்பின் குறையும், ஸ்பின் இல்லாத பந்து கீழே இறங்காமல் நீளமாகப் போகும், இல்லையென்றால் நெட்டில் சாயும். பயமாக இருக்கும்போது செகண்ட் சர்வில் கையை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும், அந்த வேகமெல்லாம் ஸ்பின்னுக்குப் போக வேண்டும். கேட்க விபரீதமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பயிற்சியில் ஒரே ஒரு சர்வ் மட்டும் கொடுத்து கேம் ஆட வையுங்கள், அதுவும் 5-4, 30-30 என்று தொடங்கி.

ராலியிலும் இப்படி ஓர் அவசர வழி வேண்டும். கை நடுங்கினால் க்ராஸ் கோர்ட், அவ்வளவுதான். நெட் நடுவில் 91.4 செ.மீ. உயரம், ஓரத்தில் 1.07 மீட்டர். நேராக அடித்தால் கோர்ட் நீளம் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தாழ்ந்த நெட், நீளமான கோர்ட், இரண்டுமே உங்கள் பக்கம். இதைத் தெரிந்து வைத்திருக்கிற பெண், சர்வ் போடாதவர் கேமை எடுக்கக்கூடிய பிரேக் பாயிண்டில் கோட்டை ஒட்டி நேராக (டவுன் த லைன்) அடிக்கும் ஆசையைத் தானாகவே விட்டுவிடுவாள்.

தவறு நடந்தால் என்ன என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ரோஜர் ஃபெடரர் 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் சொன்னார்: 1,526 ஒற்றையர் மேட்ச்சில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தவர் அவர், ஆனால் எடுத்த பாயிண்டுகள் 54 சதவீதம்தான். அவரே 2019 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச்சைவிட 14 பாயிண்ட் கூடுதலாக எடுத்தும், எடுத்தால் கோப்பை என்ற சாம்பியன்ஷிப் பாயிண்ட் இரண்டை சொந்த சர்வில் வைத்திருந்தும் தோற்றார். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியிலும் அப்படித்தான், மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டைக் காப்பாற்றி ஜெயித்த அல்கராஸ் மொத்தத்தில் எடுத்தது சின்னரைவிட ஒரு பாயிண்ட் குறைவு. ஒவ்வொரு தப்புக்கும் தலையில் கை வைக்கும் அப்பாக்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோபமே வராத பிள்ளையை எதிர்பார்க்க வேண்டாம். வரட்டும், பேஸ்லைனுக்குத் திரும்பும் வரை இருக்கட்டும். ராக்கெட்டை வீசினால் மட்டும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று பயிற்சியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதில் விலக்கு கிடையாது. கோர்ட்டில் அதற்கு எச்சரிக்கை, பாயிண்ட், கேம் என்று வரிசையாகத் தண்டனை இருக்கிறது.

யோசிக்க வைப்பது எப்படி

இது கோச்சுகளுக்கு. கூடையிலிருந்து பந்து போட்டு "க்ராஸ்! லைன்! இப்ப உள்ள வா!" என்று கத்திக்கொண்டே இருப்பது பார்க்க நன்றாக இருக்கும், வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் கொடுத்த ஃபீஸுக்கு வேலை நடக்கிறது என்று திருப்தி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அத்தனை முடிவையும் எடுத்தது நீங்கள், பிள்ளை கை மட்டும்தான் கொடுத்தான். அதே டிரில்லைத் திருப்பிப் போடுங்கள்: பந்து தரையில் படுவதற்குள் எங்கே அடிக்கப் போகிறான் என்று அவன்தான் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் விழாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லாமல் அடித்தது மட்டும் கணக்கில் வராது.

அப்புறம் கேள்வி கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். இரண்டாவதுதான் கஷ்டம். "ஏன் அதை அடிச்சே?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், பிள்ளைக்கு அது திட்டு. அதற்குப் பதில் எதிராளியைப் பற்றிக் கேளுங்கள். ஒரு செட் முடிந்ததும் பேச்சு இப்படிப் போகும்:

"அந்தப் பொண்ணுக்கு எந்தப் பந்து பிடிக்கல?"

"தெரியல சார்."

இங்கே பெரும்பாலானோர் பதிலைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதீர்கள். தண்ணீர் குடிக்கட்டும், துண்டால் கழுத்தைத் துடைக்கட்டும், நீங்கள் பந்து பொறுக்குங்கள்.

"பேக்ஹேண்டுக்கு உயரமா போட்டா ஸ்லைஸ்தான் பண்றா சார், அடியில சீவி விடறா."

"சரி. அப்ப?"

"ஸ்லைஸ் மிதந்துகிட்டே வருது… நெட்டுக்கு வந்துடலாமா?"

"போய் பண்ணிப் பாரு."

நீங்களே சொல்லியிருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும், அடுத்த மேட்ச்சில் மறந்தும் போயிருக்கும். அவளே கண்டுபிடித்ததை 4-4ல் நம்பிச் செய்வாள். அவள் சொல்லும் யோசனை தப்பு என்று தெரிந்தாலும் இரண்டு கேம் விட்டுப் பாருங்கள், பயிற்சி செட்தானே.

வார்ம்-அப் நிமிஷங்களையும் இதற்குப் பயன்படுத்தப் பழக்க வேண்டும். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்கள் ஷாட் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எதிராளி இடது கையா, இரண்டு பக்கமும் கிரிப்பை எப்படிப் பிடிக்கிறான், பந்து தரையில் விழுமுன் வாலி அடிக்க விருப்பமாக வருகிறானா, தலைக்கு மேல் லாப் போட்டால் பின்னால் போகும்போது கால் தடுமாறுகிறதா, இதெல்லாம் தெரியும். வார்ம்-அப் முடிந்ததும் இரண்டு விஷயம் சொல்லத் தெரிந்தால் போதும்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டோரில் எல்லோரையும் அழ வைப்பவன் ஒருவன் இருப்பான்: எல்லாப் பந்தையும் உயரமாகத் தூக்கித் தூக்கிப் போடுகிறவன். அழகாக ஃபோர்ஹேண்ட் அடிக்கத் தெரிந்த பிள்ளை இவனிடம் 6-1 வாங்கிக்கொண்டு வருவான், வெளியே "அவன் ஆடறது டென்னிஸே இல்ல" என்று சமாதானம் சொல்வார்கள். அது டென்னிஸ்தான். பந்தை உள்ளே போடுவதுதானே ஆட்டம். கோச் "அடி, அடி" என்று கத்தினால் தோள் உயரத்துக்கு மேல் வரும் பந்தைப் பின்னால் நகர்ந்துகொண்டே அடித்து வெளியே போடுவான், அதைத்தான் அந்தத் தூக்கிப் போடுகிறவனும் விரும்புகிறான். இங்கே யோசிக்க நிறைய இருக்கிறது. சர்வீஸ் லைன் அருகே வந்து பந்தைத் தரையில் விழ விடாமல் காற்றிலேயே எடுக்கலாம், அதற்கு வாலி பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, ஆழமாகத் தள்ளினால் போதும். குட்டையாக ஸ்லைஸ் செய்து அவனை நெட்டுக்கு இழுத்துவிடலாம், பேஸ்லைனுக்குப் பின்னால் வாழ்கிறவனுக்கு முன்னால் வரப் பிடிக்காது, வந்தால் தலைக்கு மேல் லாப். பதிலுக்கு நாமும் உயரமாக அவன் பேக்ஹேண்டுக்கே போட்டு, குட்டையான பந்து வரும் வரை காத்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்பது வெயில், காற்று, அன்றைக்குக் காலில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அது கோர்ட்டுக்குள் இருப்பவனுக்குத்தான் தெரியும். உங்கள் வேலை மூன்றையும் பயிற்சியில் ஆட வைத்திருப்பது.

தைரியமாக யோசித்தவர்கள்

1975 விம்பிள்டன் இறுதி. ஜிம்மி கானர்ஸ் வேகமான பந்தை இன்னும் வேகமாகத் திருப்பி அடிப்பவர், யாரும் அவருக்கு வாய்ப்புக் குறைவு என்று நினைக்கவில்லை. எதிரில் 31 வயது ஆர்தர் ஆஷ், இயல்பிலேயே ஓங்கி அடிக்கிறவர். அன்றைக்கு அவர் தன் இயல்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். வேகமில்லாத, தாழ்வான பந்துகள், கானர்ஸின் பேக்ஹேண்டை விட்டு வெளியே ஓடும் ஸ்லைஸ் சர்வ், நெட்டுக்கு வந்தால் தலைக்கு மேல் லாப். கானர்ஸுக்குத் திருப்பி அடிக்க வேகமே கிடைக்கவில்லை. 6-1, 6-1. பக்கம் மாறும்போது ஆஷ் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த படம் இன்றும் பிரபலம். ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. மூன்றாவது செட்டை 7-5 என்று கானர்ஸ் எடுத்தார், நான்காவதில் 3-0 என்று முன்னால் போனார். திட்டம் உடைகிற மாதிரி இருந்த அந்த இடத்தில் பழைய ஓங்கி அடிக்கும் ஆட்டத்துக்குப் போய்விடத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆஷ் போகவில்லை. 6-4 என்று முடித்தார்.

1989 பிரெஞ்சு ஓபனில் 17 வயது மைக்கேல் சாங், முதல் நிலை ஆட்டக்காரரான லெண்டிலிடம் இரண்டு செட் பின்தங்கி, பிறகு காலெல்லாம் தசைப்பிடிப்போடு ஐந்தாவது செட்டில் கைக்குக் கீழிருந்து ஒரு சர்வ் போட்டார். பாயிண்டும் எடுத்தார், மேட்ச்சும் எடுத்தார். அண்டர்ஆர்ம் சர்வ் ஏமாற்று என்று நினைக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். விதிப்படி சரியான சர்வ்.

நம் பக்கத்திலும் உண்டு. 1966 டிசம்பர், கல்கத்தா, டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டம். சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் பிரேசில் வீரர் தாமஸ் கோச்சிடம் (Thomaz Koch, "கோச்" என்பது அவர் பெயர்) செட்டில் 1-2, நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம் எடுத்து 7-5, அடுத்த செட் 6-2, இந்தியா முதல் முறையாகச் சேலஞ்ச் ரவுண்டுக்கு, அதாவது அன்றைய டேவிஸ் கோப்பை இறுதிக்கு, போனது. அவர் மகன் ரமேஷுக்கு சர்வ் வேகம் குறைவு என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய உலக முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை அந்த சர்வோடுதான் மூன்று நேர் செட்டில் வென்றார். பந்தைச் சீக்கிரம் எடுத்து, எங்கே போட வேண்டும் என்று தெரிந்து போடுவதுதான் அவர் ஆயுதம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஃபோர்ஹேண்டை வார்த்துக் கொடுக்கும் அகாடமிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அம்பயர் இல்லாத கோர்ட்டில்

ஜூனியர் மேட்ச்களில் பெரும்பாலும் நாற்காலி அம்பயர் கிடையாது, உங்கள் பக்கத்துக் கோட்டை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நிலைகுலைவது இங்கேதான் அதிகம். ஒரு தப்பான "அவுட்" கேட்டதும் ஃபென்ஸைப் பார்ப்பார்கள், வெளியே இரண்டு அப்பாக்கள் ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு டென்னிஸ் இல்லை.

நடைமுறை எளிது, ஆனால் அதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். நன்றாகத் தெரியாத பந்து உள்ளே, அது விதி. எதிராளி சொன்னதில் சந்தேகமென்றால் ஒரு தடவை கேட்கலாம், சத்தம் போடாமல்: "அண்ணா, நிச்சயமா அவுட்டா?" ஆமாம் என்றால் அந்த பாயிண்ட் போனது, அதோடு சுற்றி வந்து மூச்சு விட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். திரும்பவும் நடந்தால் ஆட்டத்தை நிறுத்தி ரெஃப்ரியையோ சுற்றி வரும் அம்பயரையோ கூப்பிட வேண்டும், அவர் வரும் வரை அடுத்த பாயிண்ட் ஆட வேண்டாம். களிமண் கோர்ட்டில் பந்துத் தடத்தைக் காட்டச் சொல்லலாம். பழிக்குப் பழியாக நாமும் தப்பாகச் சொல்வது கிடையவே கிடையாது, அதில் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படிச் செய்கிற பிள்ளைக்கு அதன்பிறகு ஆட்டத்தில் கவனமே நிற்பதில்லை.

ஸ்கோர் தகராறு வராமலிருக்க ஒரே வழி, சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன் ஸ்கோரை எதிராளிக்குக் கேட்கும்படி சொல்வது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இதையே தனியாகப் பழக்க வேண்டியிருக்கும். தகராறு வந்துவிட்டால் இருவரும் ஒத்துக்கொண்ட பாயிண்டுகள் நிற்கும் என்பதால், ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லத் தெரிய வேண்டும். பாயிண்டுக்கு ஒரு முடிவு எடுத்து ஆடியவனுக்கு அந்த பாயிண்டுகள் தானாக ஞாபகம் இருக்கும். மனம் போன போக்கில் ஆடியவன் மூன்றாவது பாயிண்ட் யாருடையது என்று விழிப்பான்.

வெளியே நிற்பவர்களுக்கு

கோர்ட்டுக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள், பிள்ளை பாயிண்டுக்குப் பிறகு திரும்புகிற திசை அது. பக்கவாட்டில் போய் உட்காருங்கள். முகத்தை எந்த ஸ்கோருக்கும் மாற்றாமலிருக்க முடியாது என்றால் ஒரு கேண்டீன் டீயோடு தூரமாகப் போய்விடுவது உத்தமம். எதிராளியின் டபுள் ஃபால்ட்டுக்குக் கை தட்டாதீர்கள்.

மேட்ச் முடிந்ததும் முதல் பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்கட்டும். திரும்பும் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தப்பிக்க வழியில்லை, அங்கே வைத்து மேட்ச்சை அலசுவது அநியாயம். அன்றைக்கு இரவு அவன் நோட்டில் மூன்று வரி எழுதட்டும்: எதிராளி எதில் பலம், நான் எந்த முடிவு எடுத்தேன், அடுத்த தடவை எதை மாற்றுவேன். கோச் மறுநாள் அதைப் படித்த பிறகுதான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இப்படி மாற ஆரம்பித்தால் முதலில் ரிசல்ட் கெடும். இதுவரை சொல்லச் சொல்ல ஆடிய பிள்ளை திடீரென்று தானாக முடிவெடுக்கும்போது தப்பான முடிவுகள் வரும், ஜெயித்துக்கொண்டிருந்த ஆளிடம் தோற்பான், அகாடமி மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு வரும். அதனால் கோச் வாயை மூடுவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு, இந்த சீசனில் எதைச் செய்யப் போகிறோம், ரேங்கிங்கை எப்போது பார்க்கலாம் என்று பேசிவிட வேண்டும். ஃபீஸ் கட்டுகிறவர்கள் அவர்கள். நீங்கள் ஒரு செட் முழுக்க ஒன்றுமே சொல்லாமல் கை கட்டி நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.